ஓரிடம், இரண்டு மருமகள்கள்

— அம்மாடி... இடுப்பு ரெண்டா விட்டுப்போச்சு அக்கா. கொஞ்சம் மெதுவா இழு.

— மத்தியானம் கூடைப்பந்து ஆடும்போது இந்த இடுப்பு எங்கடா போயிருந்துச்சு? கன்னுக்குட்டி மாதிரி துள்ளுனியே. மூலையைப் பிடி. வேலை முடியற சங்கு ஊதறதுக்குள்ள இந்தப் போர்வையெல்லாம் மடிச்சாகணும், அந்தப் பயிற்சியாளர் அம்மாவுக்குப் பேரும் சொல்லியாகணும்.

— பேருக்கு என்ன யோசனை? உன் பொண்ணு. எல்லாரையும் அதட்டறாளே, நம்ம மேஸ்திரி. முடிஞ்சது கதை.

— கதை அளக்காதே. போறது உன் பொண்ணு. குருவிதான்.

— தோ பாரு, நான் அவளைப் பெத்தவன். நானே சொல்றேன், வேணாம்.

— இவளைப் பெத்தவ நான். நானும்தான் சொல்றேன், வேணாம்னு. இழுத்துப் பிடிடா, நடுவுல தொங்குது பாரு.

— ஆஸ்பத்திரிப் போர்வையா இது, கப்பல் பாயா? அக்கா, அந்தம்மா என்ன கேட்டாங்க? 'உங்க சலவைக்கூடத்து அணியிலேருந்து ஒரே ஒரு பாயின்ட் கார்டு அனுப்புங்க. ரெண்டு வருஷம் விடுதி, சாப்பாடு, படிப்பு, ஆட்டம், எல்லாம் நாங்க பார்த்துக்கறோம்.' ஆட வந்தவளைத்தானே கேட்டாங்க? வேடிக்கை காட்டறவளையா கேட்டாங்க?

— குருவி வேடிக்கை காட்டறாளா? மருமகளாச்சேன்னு சொல்லலை, அவ கையில பந்து பூனைக்குட்டி மாதிரி ஒட்டிக்கிட்டே வருதுடா. பதினாலு வயசுல எவ அப்படித் தட்டுவா?

— ஒட்டிக்கிட்டே வரும். ஒட்டிக்கிட்டே இருக்கும். யாருக்கும் வராது. அவகிட்ட பந்து போனா கிணத்துல போட்ட கல்லு. எத்தனை ஆட்டத்துல பார்த்திருக்கேன், மத்த நாலு பிள்ளைங்களும் கல்யாணத்துக்கு வந்துட்டு பந்தி கிடைக்காதவங்க மாதிரி நிக்கும்.

— அது நேத்து வரைக்கும். இன்னைக்கு நீ எதிர்ப்பக்கம் இருந்தே, உனக்கு மூச்சு வாங்கவே நேரம் பத்தலை. நான் அவ பக்கம் ஆடினேன். தலையைத் தூக்கிட்டாடா! பந்தைத் தட்டறா, கண்ணு என் மேல இருக்கு. எனக்குக் காலு எழும்பறதுக்கு முன்னாடியே பந்து கையில வந்து உட்காருது. போர்வை மடிக்கும்போது நாம போர்வையையா பார்க்கறோம்? எதிராளி கையைத்தானே பார்க்கறோம்? அதே பார்வை. ஒரே ராத்திரியில வளர்ந்துட்டா.

— உனக்கு மூணு கூடை விழுந்துச்சு. அதான் அவ வளர்ந்துட்டா.

— உனக்கு ஒண்ணு விழுந்துச்சு. அதுக்கு இன்னும் சிரிப்பை அடக்க முடியலை உனக்கு.

— சத்தியமா முடியலை அக்கா! என் ஆயுசுல முதல் கூடை. ஈரமூட்டை தூக்கித் தூக்கித் தேஞ்ச கை இது, வளையத்தை அண்ணாந்து பார்த்ததே கிடையாது. பாய்லர்காரரே கை தட்டினாரு. எப்படி விழுந்துச்சுன்னு கேளு.

— கேட்கலைன்னா விடவா போறே?

— மேஸ்திரி பந்தைக் கொண்டு வர்றா. வழக்கம்போல கத்தறா, 'மாமா, இடது பக்கம்! இஸ்திரிக்காரரே, நகருங்க! நிக்காதீங்க!' நானும் போறேன். எல்லாரும் என்ன நினைக்கிறோம்? பந்தை யாருக்காவது குடுத்துடுவா, எப்பவும் குடுத்துடுவா. அவ என்ன பண்ணா? எனக்குக் குடுக்கற மாதிரி தோளைக் காட்டிட்டு, அவளே உள்ள புகுந்தா. போட்டா. பாய்லர்காரரு இன்னும் என்னைத்தான் பார்த்துக்கிட்டு நிக்கிறாரு!

— ஒரு கூடை. குருட்டுப் பூனை விட்டத்துல பாஞ்ச மாதிரி.

— கேளு முழுசா. அடுத்த தடவை வர்றா. இப்ப எல்லாரும் அவளைப் பிடிக்க ஓடறாங்க, நீ உட்பட. என் பக்கத்துல ஒரு ஈ காக்கா கிடையாது. அப்பதான் பந்து வந்துச்சு எனக்கு. மெதுவா, நெஞ்சுக்கு நேரா, 'இந்தாங்க மாமா'ன்னு கையில வெச்ச மாதிரி. இதுக்கு மேல ஒரு மனுஷன் கூடை போடலைன்னா அவன் மனுஷனே இல்ல. இதுதான்க்கா பாயின்ட் கார்டு. பந்தைக் கொண்டு வந்து, ஒண்ணுக்கும் உதவாதவனுக்கும் ஒரு வேலை குடுக்கறவ.

— உன்னை நீயே சரியாச் சொல்லிக்கிட்டே. நில்லு, இந்தப் போர்வையைப் பாரு. மறுபடியும் அதே கறை. உருண்டையா.

— திருப்பி வெளுக்கப் போடு.

— எத்தனை தடவை போடறது? வெளுத்துக் காயப்போட்ட போர்வையில உருண்டை உருண்டையாக் கறை. மேலாளர் என் உசிரை எடுக்கறாரு, 'மடிக்கற மேசையில என்ன வெச்சு மடிக்கறீங்க'ன்னு. சரி, அதை விடு. நம்ம சங்கதிக்கு வா. மேஸ்திரிக்கு ஓட வருமா?

— வராது.

— எகிற?

— கொஞ்சம்.

— அவ ஓட்டத்தைப் பார்த்தா ஆமைக்கே தூக்கம் வரும். வாய் மட்டும் எட்டு ஊருக்குக் கேட்கும். உயரமும் நின்னு போச்சு, கதவு நிலையில கோடு போட்டு வெச்சிருக்கோமே, அந்தக் கோடு ரெண்டு வருஷமா அசையலை. குருவிக்கு இன்னும் எலும்பு நீளுது. விளையும் பயிர் முளையிலே தெரியும்டா.

— முளைக்குத் தண்ணி ஊத்து, நான் வேணாங்கலை. அறுவடைக்கு நிக்கிற பயிரை யாரு பார்க்கறது? மழையில விட்டுடறதா?

— வசனம் பேசாதே.

— அக்கா, காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சும்பாங்க. உனக்கு மட்டும் ஏன் தன் குஞ்சு தகரக் குஞ்சு?

— உனக்கு மட்டும் என்னவாம்? 'கிணத்துல போட்ட கல்லு'ங்கறே.

— நான் வயித்தெரிச்சல்ல சொல்றேன். வீட்டுக்குப் போனா அவளைத் தோள்ல தூக்கி வெச்சு ஆடுவேன். நீ பயந்துகிட்டு சொல்றே.

— எனக்கென்ன பயம்?

— இஸ்திரி மேசை ஆளுங்க பேச்சுக்குப் பயம். 'அணியை நடத்தறவ அவ, பேரு சொல்றவ அவ, போறது அவ பொண்ணு, பார்த்தியா'ன்னு நாலு பேரு பேசுவாங்கன்னு பயம். அதுக்குத்தானே பெத்தவங்க சொந்தப் பிள்ளை பக்கம் ஆடக்கூடாதுன்னு சட்டம் போட்டே?

— போட்டேன். அது நியாயத்துக்கு.

— நியாயம் சரி. ஆனா ஊர்வாயை மூட உன் பொண்ணு வாயில மண்ணைப் போடாதே. மேஸ்திரிக்குப் பதினேழு. அடுத்த வருஷம் அந்த விடுதிக்கு வயசு தாண்டிடும். இப்ப போகலைன்னா எங்க வருவா? இங்க. இதே மேசை, இதே போர்வை. இப்ப நான் பிடிச்சிருக்கேனே, இந்த மூலையைப் பிடிப்பா.

— ...எனக்குத் தெரியாதா?

— குருவிக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கு.

— மூணு வருஷத்துல என்ன வேணா ஆகும்டா. இங்க யாரு அவளுக்குச் சொல்லிக் குடுப்பா? நீயா, நானா? இன்னைக்குத்தான் தலையைத் தூக்கியிருக்கா. கவனிக்காம விட்டா மறுபடியும் தரையைப் பார்த்துத் தட்ட ஆரம்பிச்சுடுவா. அந்தப் பயம்தான் எனக்கு. ஊர்வாய் கொஞ்சம். இது நிறைய.

— தோ, தள்ளுவண்டிச் சத்தம். மேஸ்திரியே வர்றா. அவளையே கேளு.

— எதைக் கேட்கப் போறீங்க மாமா? வழியை விடுங்க முதல்ல. அம்மா, இந்த வண்டி ஓட்டல் துணி, அதோட கலக்காதே.

— பார்த்தியாடா, வந்ததும் வராததுமா அதிகாரம்.

— மருமகளே, நேரா கேட்கறேன். நீ போகணுமா, குருவி போகணுமா?

— நான் போகணும்.

— அடியேய்! கொஞ்சம் கூச்சம் வேணாமா? மாமா எதிர்ல நின்னுக்கிட்டு...

— கூச்சப்பட்டா பந்து வராதும்மா. இப்ப அவளைவிட நான் நல்லா ஆடறேன். மூணு வருஷத்துல அவ என்னைத் தாண்டிடுவா. தாண்டட்டும், அப்ப அவளை அனுப்புங்க. எனக்கு இந்த ஒரு வருஷம்தான். அதை யாருக்கும் தானம் குடுக்கற அளவுக்கு நான் பெரிய மனுஷி இல்ல.

— சபாஷ்! என் இடுப்பு வலி பாதி போச்சு.

— நீ சும்மா இருடா. ஏண்டி, இது குருவிக்குத் தெரியுமா?

— தெரியும். மத்தியானமே சொல்லிட்டேன், 'நான் கேட்கப் போறேன்'னு.

— அழுதாளா?

— அழுதா மாமா. நல்லா அழுதா. மூக்கைத் துடைச்சுக்கிட்டு, 'அப்ப உன் ஷூவை எனக்குக் குடுத்துட்டுப் போ'ன்னு கேட்டா.

— குடுத்துட்டியா?

— வெறுங்காலோட நிக்கறேனே, தெரியலை? அவளுக்குப் பெருசுதான். முன்னால துணி அடைச்சுப் போட்டுக்குவாளாம். பாய்லர் ரூம் சுவத்துக்கிட்ட இப்ப அதைப் போட்டுக்கிட்டு வாத்து மாதிரி ஓடறா, போய்ப் பாருங்க.

— என் பொண்ணுடா அது! என் ரத்தம்! அழுதுக்கிட்டே பேரம் பேசியிருக்கா!

— சிரிப்பை நிறுத்து. மேஸ்திரி, உன் மேல எனக்குக் கோபம் இல்ல. ஆனா அந்தச் சின்னது இன்னைக்கு ஆடுன ஆட்டத்தை நீ பார்த்தியா? தலையைத் தூக்கி ஆடினா. அவளா வளர்ந்து வந்தவ. அதை அப்படியே விட்டுட்டுப் போறது எனக்கு மனசு கேட்கலை.

— அவளா வளர்ந்தாளா? யாரு சொன்னா?

— பின்னே?

— ரெண்டு வாரமா சாயங்காலம் காயப்போடற முற்றத்துல நின்னது யாரு? ஈரப் போர்வை வரிசை வரிசையாத் தொங்குதில்ல, அதுக்கு நடுவுல அவ பந்தைத் தட்டிக்கிட்டு வரணும். நான் ஏதோ ஒரு போர்வைக்குப் பின்னாலேருந்து கையை நீட்டுவேன். எத்தனை விரல்னு உடனே சொல்லணும், சொல்லிக்கிட்டே அந்தக் கைக்குப் பந்தைக் குடுக்கணும். தரையைப் பார்த்தா விரல் தெரியாது. முதல் வாரம் பூரா போர்வையிலதான் மோதினா.

— இரு. இரு. போர்வையிலயா?

— ...ஆமா.

— பந்தோடயா?

— ஆமாம்மா.

— அடிப்பாவிகளா! அந்த உருண்டைக் கறை நீங்கதானா! மேலாளர் என் தலையை உருட்டறாரு, நான் சோப்பை மாத்தச் சொல்லி சண்டை போட்டுக்கிட்டு இருக்கேன்!

— பாதி கறை குருவி. பாதி நான். நானும் உள்ள புகுந்து போகப் பழகணும்ல. பந்து பறிபோயிடுமோன்னு எனக்கு எப்பவும் பயம், அதான் உடனே குடுத்துடுவேன். போர்வை பந்தைப் பறிக்காது. மேல விழுந்தா வலிக்கவும் வலிக்காது.

— அக்கா, புரிஞ்சுதா? ஒரு மணி நேரமா நீ வாய் ஓயாம புகழ்ந்தியே, அந்தப் பார்வை, அந்தக் குடுக்கற கை, அது யாரு பண்ண வேலை?

— புரியாம என்ன. காது கேட்குது.

— இவ போயிட்டா சின்னதுக்கு யாரு சொல்லிக் குடுப்பாங்கறது உன் கவலை. சரியான கவலைதான். ஆனா சொல்லிக் குடுக்கத் தெரிஞ்சவளை அனுப்பாம வேற யாரை அனுப்பறது?

— ஞாயித்துக்கிழமை தோறும் வருவேன் மாமா. விடுதியில விடுவாங்களாம், கேட்டுட்டேன். போர்வை வேணாம், பழைய சாக்கு கட்டிக்கறோம். அம்மா, சங்கு ஊதப் போகுது. போனை எடு.

— அதிகாரத்தைப் பாரு... கையில போர்வைடா, நீ நம்பரை அழுத்து. ஹலோ, வணக்கம் மேடம்... ஆமா, சலவைக்கூடத்துலேருந்துதான்... அது மிஷின் சத்தம்... பேரு முடிவாயிடுச்சு மேடம். பெரியவ. மேஸ்திரின்னு கூப்பிடுவோமே, அவ... ஆமா, என் பொண்ணுதான். என் பொண்ணுங்கறதுக்காகச் சொல்லலை... எப்படி ஆடுவாளா?

— ஏன் நிறுத்திட்டே? சொல்லுக்கா.

— சும்மா இரு... மேடம், அவளுக்கு வேகம் கிடையாது, உள்ளதைச் சொல்லிடறேன். ஆனா அவ இருக்கிற பக்கம் ஒருத்தரும் வெறுங்கையோட நிக்க மாட்டாங்க. என் தம்பியையே கூடை போட வெச்சுட்டான்னா பார்த்துக்குங்க... இல்ல மேடம், அவன் சிரிக்கறான்... எங்க சின்னவளுக்கு ஆட்டத்தைப் பார்க்கக் கத்துக் குடுத்ததே இவதான். நான் எத்தனையோ பிள்ளைங்க ஆடிப் பார்த்திருக்கேன். இவளை மாதிரி ஒருத்தியைப் பார்த்ததில்ல. அவ்வளவு நல்லா ஆடறா மேடம். அவ்வளவு நல்லா... ஆகட்டும். திங்கட்கிழமை காலையில கூட்டிக்கிட்டு வர்றேன். வெச்சுடறேன்.

— முடிஞ்சுது! குருவியைக் கூப்பிடுங்க, தோள்ல தூக்கறேன். ரெண்டு பேரையும் தூக்கறேன். இடுப்பு போனா போகட்டும்.

— என்னடி அப்படியே பார்த்துக்கிட்டு நிக்கறே? சொல்லியாச்சில்ல? வண்டியைத் தள்ளு.

— தள்றேன்மா. பந்து பிடிச்ச நாள்லேருந்து உனக்காகத்தான் ஆடறேன், ஒரு தடவைகூட 'நல்லா ஆடினே'ன்னு என் மூஞ்சியைப் பார்த்து நீ சொன்னதில்ல. இப்ப போனுக்குச் சொல்லிட்டே. எனக்குச் சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி நிக்குது.