கழுத்து திரும்பாத பக்கம்

— தலையணையை விட்டுருங்க சார். தலையணை பாவம்.

— பாவமா? அது தலையணை இல்ல டாக்டர், பாறாங்கல்லு. இவ அதை வாங்கிட்டு வந்த நாள்லேருந்துதான் என் கழுத்து மரக்கட்டையா நிக்குது.

— அதே மாதிரி இன்னொண்ணுல நானும்தான் படுக்கறேன். நாள் பூரா உங்களைப் பாத்துத் தலையில அடிச்சுக்கறேன், அப்பவும் என் கழுத்து நல்லாத்தான் இருக்கு.

— பாத்தீங்களா டாக்டர், கட்டினவ பேசற பேச்சை?

— நான் டாக்டர் இல்ல சார், பிசியோதெரபிஸ்ட். நீங்க அசையாமக் குப்புறப் படுங்க. அக்கா, நீங்க அந்த நாற்காலியில உக்காருங்க. வலி எப்போ ஆரம்பிச்சுது சார்?

— ரெண்டு மாசம் இருக்கும்.

— எந்தப் பக்கம் திரும்ப முடியல?

— வலது பக்கம். இடது பக்கம் தாராளமாத் திரும்புது. வலது பக்கம் யாராவது கூப்பிட்டா, கழுத்து வராது, ஆளே எழுந்து திரும்பணும். காரை ரிவர்ஸ் எடுக்கணும்னா இவ இறங்கிப் போய்ப் பாத்துச் சொல்லணும்.

— சொன்னாக் கேட்டாத்தானே? நிறுத்துங்க நிறுத்துங்கன்னு தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்து வீட்டுப் பூந்தொட்டி போச்சு.

— அதுக்கும் இதுக்கும் என்னடி சம்பந்தம்?

— சார், இங்க தொட்டா வலிக்குதா?

— ஆ! அம்மா!

— இங்க?

— ஐயையோ! டாக்டர், நீங்க வலியைத் தேடறீங்களா, உண்டாக்கறீங்களா?

— சரி, விடுங்க. தோள் ரெண்டும் மேல ஏறி வந்து காதுகிட்டக் குடியிருக்கு. என்ன வேலை பாக்கறீங்க?

— செல்போன் ரிப்பேர். சொந்தக் கடை.

— அதானே பாத்தேன். நாள் பூரா லென்ஸை மாட்டிக்கிட்டு, மூக்கு மேசையில இடிக்கற மாதிரி குனிஞ்சு உக்காந்திருப்பீங்க. தலை நேரா இருந்தா அந்தப் பாரத்தை முதுகெலும்பு தாங்கிக்கும். குனியக் குனிய அவ்வளவும் பின்கழுத்துச் சதைக்கு வந்துரும். ஒரு வாளித் தண்ணியை இடுப்போட ஒட்டித் தூக்கறதுக்கும், கையை நீட்டிக்கிட்டுத் தூக்கறதுக்கும் வித்தியாசம் இருக்குல்ல?

— இருக்கு. ஆனா கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே இப்படித்தான் குனியறேன். அப்போல்லாம் வலிக்கலையே?

— வீட்டுக்கு வந்து என்ன செய்வீங்க?

— ரெஸ்ட் எடுப்பேன்.

— அந்த ரெஸ்டை நான் சொல்றேன், கேளும்மா. சோபாவோட கைப்பிடியில தலை, டீப்பாய் மேல காலு, நடுவுல முதுகு தொட்டில் மாதிரி தொங்கும். வயித்து மேல போன். தாடை போய் நெஞ்சுல முட்டிக்கிட்டு இருக்கும். காலையிலேருந்து போனோட மாரடிச்சுட்டு வந்த மனுஷன், ரெஸ்டுக்கு மறுபடி போனைப் பாப்பாரு. அதுல என்ன பாப்பாருங்கற? யாரோ ஒருத்தன் போன் ரிப்பேர் பண்றதைப் பாப்பாரு!

— தொழில் அறிவு வளர வேணாமா?

— யாராவது கூப்பிட்டா போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவுல இடுக்கிக்குவாரு. ஏதோ ரெண்டு கையிலயும் வேலை இருக்குன்னு நெனச்சுக்காத. ரெண்டு கையும் சும்மாத் தொங்கிக்கிட்டு இருக்கும். தூங்கறது குப்புற. தலை மட்டும் ஒரு பக்கம் திரும்பி, காக்கா கழுத்தைச் சாய்ச்சுப் பாக்கற மாதிரி.

— போதும் நிறுத்து. புருஷனைப் பத்தி இவ்வளவு கவனிச்சு வச்சிருக்கியே, அதுல பாதி அன்பு காட்டினா வலி தானாப் போயிருக்கும்.

— அக்கா சொன்னது எல்லாமே கழுத்துக்கு ஆகாத பழக்கம்தான் சார். போனைக் கண்ணு மட்டத்துக்குத் தூக்கிப் பாருங்க. அரைமணிக்கு ஒரு தடவை எழுந்து நில்லுங்க. குப்புறப் படுக்கறதை இன்னையோட விட்டுருங்க. ஆனா எனக்கு ஒண்ணு இடிக்குது. இப்படி ஒரே பக்கமா இறுகிப் போகணும்னா வேற ஏதோ இருக்கு. எழுந்திரிங்க. கடையில எப்படி உக்காருவீங்களோ, அப்படியே உக்காந்து காட்டுங்க. இது உங்க மேசைன்னு வச்சுக்கங்க.

— இதோ. முன்னாடி தெரு. இடது பக்கம் மாடிப்படி.

— வலது பக்கம்?

— சுவரு.

— சுவரா! ஏங்க, வாய் கூசாமச் சொல்றீங்களே!

— எனக்கு அது சுவருதான்.

— சார், அந்தக் கண்ணாடியில பாருங்க. உடம்பு என்னைப் பாக்குது, மூக்கு ஜன்னலைப் பாக்குது. உக்காந்த உடனே தலை தானா இடது பக்கம் போயிருச்சு.

— நான் நேராத்தான் உக்காந்திருக்கேன்.

— நேரா உக்காந்த லட்சணத்தைப் பாரு. நான் சொல்றேம்மா. வலது பக்கம் இருக்கறது சுவரு இல்ல, இவரு கூடப்பிறந்த அண்ணன். ஒரே மேசை, ரெண்டு நாற்காலி, நடுவுல ஒரு சாண் இடம் கிடையாது. ரெண்டு மாசமாப் பேச்சுவார்த்தை இல்ல. இவரு அண்ணன் மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னு காலையில திருப்பின கழுத்தை, கடை சாத்தற வரைக்கும் திருப்பினது திருப்பினபடியே வச்சிருக்காரு.

— அப்படியா சார்?

— அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

— இப்போதான் சார் சம்பந்தமே கிடைச்சிருக்கு. என்ன சண்டை?

— என் பையனோட கிளாஸ் டீச்சர் கடைக்கு வந்தாங்க. போன்ல சார்ஜ் ஏறலைன்னு என்கிட்ட நீட்டறாங்க. அண்ணன் குறுக்க புகுந்து, 'இப்படிக் கொடுங்க டீச்சர், நான் பாக்கறேன், தம்பி இன்னும் பழகிக்கிட்டிருக்கான்' அப்படிங்கறாரு.

— அவ்வளவுதானா?

— அவ்வளவுதானாவா? என் மீசையைப் பாருங்க, நரைச்சுப் போச்சு. இன்னும் பழகிக்கிட்டிருக்கேனாம். மறுநாள் பையன் ஸ்கூல்லேருந்து வந்து, 'அப்பா, நீ எப்போப்பா பாஸாவே?'ன்னு கேக்கறான்.

— சார், மன்னிச்சுக்கங்க. சிரிப்பு வந்துருச்சு.

— நீங்க சிரிக்கலாம். எனக்கு அன்னைக்குச் சாப்பாடு இறங்கல. என் கையைப் பிடிச்சு ஸ்க்ரூடிரைவர் பிடிக்கப் பழக்கினதே அவருதான் டாக்டர். வேற எவன் சொல்லியிருந்தாலும் போடான்னு போயிருப்பேன். அவரு வாயால வந்துச்சு பாருங்க, அதுதான் தாங்கல.

— குத்தம் பாத்தா சுத்தம் இல்லைன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டேன். தான் ஆடாட்டாலும் தன் சதை ஆடும்பாங்க.

— ஆடவே மாட்டேங்குதுன்னுதானேடி இங்க வந்து படுத்திருக்கேன்! டாக்டர், எப்படியாவது சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிருங்க. தச்சர் வராரு.

— தச்சர் வந்தா உங்க கழுத்து எதுக்கு சார்?

— கடை நடுவுல தரையிலேருந்து கூரை வரைக்கும் பலகை அடிக்கறோம். அந்தப் பக்கம் அவரு கடை, இந்தப் பக்கம் என் கடை. நான் அண்ணாந்து பாத்து அளவு சொல்ல வேணாமா?

— பலகை வந்துட்டா ஆயுசுக்கும் அந்தப் பக்கம் திரும்ப வேண்டியதில்ல பாரு. அதான் இவ்வளவு அவசரம். ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்களுக்கு நடுவுல பலகை! எனக்குச் சொல்லவே நாக்கு கூசுது.

— அக்கா, அழாதீங்க. சார், கேட்டுக்கங்க. நாள் பூரா எந்தப் பக்கமாப் பாத்துக்கிட்டு இருக்கோமோ, கழுத்து அந்தப் பக்கமாவே பிடிச்சுக்கும். வைத்தியம் எதிர்ப் பக்கம். உங்களுக்கு இடது பக்கம் பிடிச்சிருக்கு, அதனால மெல்ல வலது பக்கம் திரும்பணும். திரும்பி, பத்து எண்ணற வரைக்கும் அப்படியே நிறுத்தி, மெல்ல வரணும். மணிக்கு ஒரு தடவை. கடையில, உக்காந்த இடத்துலயே.

— கடையிலயா! வீட்டுல செய்யறேனே?

— கெட்டுப்போனது கடையிலதானே சார்?

— அப்போ கண்ணை மூடிக்கிட்டுத் திரும்பலாமா?

— கூடாது. தலை சுத்தும்.

*

— இந்தக் கடையில யாராவது சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்திருந்தா, எடுத்த இடத்துல வச்சா நல்லாயிருக்கும். நான் ஃபேன்கிட்டதான் சொல்றேன்.

— எடுத்தவங்க வேலை முடிஞ்சதும் வைப்பாங்க. நானும் ஃபேன்கிட்டதான் சொல்றேன், அண்ணன்கிட்ட இல்ல. தச்சர் வர நேரமாச்சு, அவங்கவங்க சாமானை அவங்கவங்க பக்கம் ஒதுக்கி வச்சுக்கட்டும்.

— போகட்டும். பலகை அடிச்சா ஃபேன் யாரு பக்கம் போகும்னு அந்த ஃபேனே சொல்லட்டும்.

— ஒரு தம்பிக்குக் காத்துகூடக் கொடுக்க மனசில்லாதவங்க வச்சுக்கட்டும்.

— போகட்டும், போகட்டும்.

— ஒண்ணு... ரெண்டு... ஆ... மூணு... அடப்பாவி!

— யாரைடா அடப்பாவிங்கற? ஃபேனையா?

— உன்னைத்தான் அண்ணே, உன்னைத்தான்! ரெண்டு மாசம் கழிச்சு, உயிர் போற வலியில உன் பக்கம் திரும்பறேன். நீ சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க! அந்தச் சுவத்துல என்ன படமா ஓடுது?

— பேசாத. நாலு... அஞ்சு... நடுவுல பேசினா எண்ணிக்கை விட்டுப்போகும்.

— நீ எதுக்கு எண்ணற?

— எட்டு... ஒம்பது... பத்து. அப்பாடா. நீ எதுக்கு எண்ணினியோ அதுக்குத்தான்.

— உனக்கும் கழுத்தா?

— ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. துண்டைச் சுத்திக்கிட்டு உக்காந்திருக்கேனே, தெரியல?

— நான் எங்க பாத்தேன்?

— அதானே. நீ எங்க பாத்த.

— யாருகிட்டக் காட்டின?

— மார்க்கெட்டுக்குப் பின்னாடி, மாடியில ஒரு பொண்ணு. தொட்ட இடமெல்லாம் உயிர் போகுது.

— அதே பொண்ணுதான். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாரேன்.

— ஒருத்தர் வலியை இன்னொருத்தர்கிட்டச் சொல்ல மாட்டாங்கடா. அது அவங்க தொழில் மரியாதை.

— மரியாதையைப் பத்தி நீ பேசற! டீச்சர் முன்னாடி என் மரியாதையை வாங்கினியே, அது என்ன தொழில்?

— நான் என்னடா தப்பாச் சொல்லிட்டேன்? இன்னும் பழகிக்கிட்டிருக்கான்னேன். நானும்தான் பழகிக்கிட்டிருக்கேன். மாசத்துக்கு ஒரு புது போன் விடறான், அதைத் திறந்து பாத்தா எனக்கே ஒரு எழவும் புரியல. உன்னைக் கேக்கலாம்னா நீ மாடிப்படியைப் பாத்துக்கிட்டிருக்க.

— அதை டீச்சர்கிட்டச் சொல்லியிருக்கணும்.

— சொல்லியிருக்கணும். வாய் தவறிப் போச்சு. மறுநாளே சொல்லலாம்னு திரும்பினேன், உன் முதுகுதான் தெரிஞ்சுது.

— சரி, அதெல்லாம் இருக்கட்டும். உன் வைத்தியம் உனக்கு, என் வைத்தியம் எனக்கு. என் மூஞ்சியைப் பாக்கப் பிடிக்காம நீயும் அந்தச் சுவத்துப் பக்கமே திருப்பிக்கிட்டு உக்காந்திருக்க, கழுத்து பிடிச்சிருச்சு. கடவுள் ரெண்டு பேருக்கும் சமமாக் கொடுத்திருக்காரு.

— போகட்டும்.

— எங்க, மறுபடி செய். நானும் செய்யறேன். ஒண்ணு... ரெண்டு... நிறுத்து! நீ தப்பாச் செய்யற.

— என்னடா தப்பு?

— மறுபடி சுவத்துப் பக்கமே திரும்பற! பிடிச்ச பக்கத்துக்கு எதிர்ப் பக்கம்ல திரும்பணும்? நீ சுவத்தைப் பாத்துப் பாத்துப் பிடிச்சிருந்தா, என் பக்கமில்ல திரும்பச் சொல்லியிருப்பாங்க? இதுகூடத் தெரியல. அண்ணே, நீ இன்னும் பழகிக்கிட்டிருக்க!

— நான் சரியாத்தான்டா செய்யறேன். சுவத்துப் பக்கம்தான் திரும்பச் சொன்னாங்க.

— எப்படிச் சொல்லுவாங்க? அப்படின்னா உனக்கு இந்தப் பக்கமில்ல பிடிச்சிருக்கணும்? தெரு முன்னாடி இருக்கு. உன் டூல்ஸெல்லாம் அந்தப் பக்கம் இருக்கு. கழுத்து பிடிக்கற அளவுக்கு இந்தப் பக்கம் உனக்கு என்ன வேலை? நாள் பூரா இங்க என்னத்தைப் பாத்துக்கிட்டிருந்த?

— உன்னைத்தான்டா. இப்போ திரும்புவான், இப்போ திரும்புவான்னு ரெண்டு மாசமா உன் முதுகையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா, கழுத்து வேற எந்தப் பக்கம்டா பிடிக்கும்?