கண்ணாடி மாதிரி தண்ணி

…கொசுன்னா சும்மா கொசு இல்லம்மா, ஒவ்வொண்ணும் ஈ அளவு. நீங்க பாட்டுக்கு பாட்டில்ல தண்ணியைப் பிடிங்க, நான் குறுக்க நிக்கல. தண்ணி சோதிக்கற ஆபீஸ்லேர்ந்து ஆள் வரும்னு நான் எங்க கண்டேன்? இந்தக் குடியிருப்புச் சங்கத்துக்கு நான் தலைவி. மீனெல்லாம் செத்து மிதந்ததும் ஆளாளுக்குக் கத்தினாங்க, ஒரு கடுதாசி போட்டேன். கடுதாசி போட்டா யாராவது வருவாங்களா? நீங்க வந்துட்டீங்க. பத்தே நாள்ல.

முன்னாடி இந்தக் குளம் ஒரே பச்சை. கல்லுல பாசி, படியில பாசி, குழாயடியில பாசி, அந்த மரத்துப் பட்டையில கூட பச்சையா பூசினாப்ல. கொஞ்ச நேரம் நின்னா என் தலையிலயும் முளைச்சிருக்கும்… என்னது? பனிமலை மேல கூட இருக்கா? அங்க போய் அதுக்கு என்ன வேலை?

நீங்க சிரிக்கறீங்க. படியில வழுக்கி விழுந்தது நானாக்கும். எப்போ? புதுச் சம்பந்தியம்மா பக்கத்துல நிக்கறப்போ. "பாத்து, பாத்து"ன்னு அவங்களுக்குச் சொல்லிக்கிட்டே நான் விழுந்தேன். கீழ்வீட்டு டெய்லரம்மா வாயில ஊசியை வச்சுக்கிட்டே சிரிச்சா. ஊசியோட எப்படிச் சிரிக்க முடியும்னு கேப்பீங்க. முடியும், நான் பாத்தேன்.

அந்த வாரமே தண்ணி கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு. அடியில கிடந்த கரண்டி கூடத் தெரிஞ்சுது. ரெண்டே நாள். மூணாம் நாள் மீனெல்லாம் வாயைப் பிளந்துக்கிட்டு மேல வந்துச்சு. தலைப்பிரட்டை ஒண்ணு கூட இல்ல. தும்பி இல்ல. மீன்கொத்தி அந்தக் கம்பியில வந்து உக்காந்து, குனிஞ்சு பாத்துட்டு, சாப்பாட்டுக் கடை மூடிக் கிடந்தா நாம திரும்புவோமே, அப்படிப் போயிடுச்சு.

ஓ… பாசியைத் தின்னுதான் தலைப்பிரட்டை வளருமா? மீனுக்குத் தண்ணியில மூச்சு குடுக்கறதே அதுதானா? கடல்ல இருக்கற பாசி நமக்கும் சேத்தா? உலகத்து மூச்சுல பாதிக்குக் கிட்டயா? இதை ஒருத்தரும் எனக்குச் சொல்லலையே. அப்போ மீன் போனதாலதான் கொசுப்புழுவைத் தின்ன ஆளில்ல… மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின மாதிரி யாரோ பண்ணியிருக்காங்க. யாரோ.

தோட்டக்காரர்தான்னு எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க. அதோ, செடிக்குத் தண்ணி ஊத்தறாரே, அவர்தான். மாசக் கடைசியோட நின்னுக்குங்கன்னு நானே போய்ச் சொன்னேன், தலைவி ஆச்சே. அந்த மனுஷன் சரிம்மான்னுட்டு வாளியைத் தூக்கிட்டுச் செடிக்குப் போயிட்டார். தண்ணி தெளியறதுக்கு முந்தின நாள் காலையில என்னைக் குளத்துக்கிட்ட பாத்தது அவர் ஒருத்தர்தான். "அம்மா, கையில ப்ளீச்சிங் பவுடர் ஒட்டியிருக்கு, கழுவிக்குங்க, எரியும்"னார். அவ்வளவுதான். இதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடல. எனக்குத்தான் அதுலேர்ந்து சோறு இறங்கல.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? ஆமா, நான்தான். ரெண்டு பொட்டலம். எழுதிக்குங்க. கொஞ்சம் சின்ன எழுத்தா… சரி சரி, பெரிசாவே எழுதுங்க.

இதுக்குப் பரிகாரம்? மருந்து நெடி அடங்கிடுச்சா? இனி பக்கத்துக் குளத்துலேர்ந்து பச்சைத் தண்ணி கொண்டாந்து விடணுமா? பாசியோடயா? நானா? நாலு பேர் பாக்கவா?

…தோட்டக்காரரே, அந்த வாளியை இப்படிக் குடுங்க. இல்ல, நீங்க தூக்க வேணாம், கூட மட்டும் வாங்க. போற வழியில உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். உங்களுக்கே தெரியும். இருந்தாலும் நான் சொல்லணும்.