சமையக்கட்டுச் செருப்பு

அரியலூர் பஸ்ஸில் முன் சீட்டிலிருந்த இளம்பெண் சொன்னதைக் கேட்டு என் தூக்கம் கலைந்தது.

"எங்க மாமியாரு செருப்பு போட்டுக்கிட்டுத்தான் சமைப்பாங்க."

"சமையக்கட்டுலயா?" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

"பரண்ல கெடந்த பழைய கரண்டு அடுப்புல சமைக்கிறாங்க, அக்கா. துருவத் தேச்சு, புதுக் காயில் கம்பி வாங்கி, அவங்களே மாட்டுனாங்க. தொட்டா லேசா ஷாக் அடிக்கும். அதான் ரப்பர் செருப்பு."

"அடேங்கப்பா! சோறு வேகுதா?"

"பூ மாதிரி வேகும். பொகையே இல்ல. ஆனா யாரையும் கிட்ட வுட மாட்டாங்க."

"உன்னையுமா?"

"கல்யாணமாகி வந்ததுலேருந்து தள்ளி நின்னுதான் பாக்குறேன்."

மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே புது ரப்பர் செருப்பு.

"காலையில கூப்பிட்டாங்க. 'டவுனுக்குப் போனா உன் கால் அளவுக்கு ஒரு ஜோடி வாங்கிட்டு வா'ன்னாங்க."