ட்ரக்குக்குப் போட்ட கம்பி

ரெக்ஸ்டேல் பஸ்ஸில் எனக்கு முன்னால் வேலைச் சப்பாத்துகளோடு இரண்டு பேர் இருந்தார்கள். இளையவர் வெல்டர்.

“ஜேர்மன் சிற்பி கண்கலங்கித் தடவினது என்ர கம்பியை, அண்ணை.”

“எந்தக் கம்பி?”

“அவர் படமாக் கீறி அனுப்பின சிலையை எங்கட பக்டரியிலதானே செய்தனாங்கள். தலையுமில்லை காலுமில்லை, வளைஞ்ச இரும்புத் தகடுகள். ட்ரக்கில ஆடாமல் இருக்க, குறுக்கால ஒரு கம்பி ஒட்டிவிட்டனான். இறக்கினபிறகு வெட்ட மறந்துபோனன்.”

“ஐயோ! பிறகு?”

“திறப்புவிழாவில மனிசன் அந்தக் கம்பியைப் பிடிச்சபடி, இதுதான் தன்ர தனிமை எண்டு அரைமணித்தியாலம் பேசினார். சனம் எழும்பி நிண்டு கைதட்டினது.”

“நீ வாய் திறக்கேல்லையே?”

“திறந்தா வேலை போயிடும். இப்ப அடுத்த சிலையிலயும் அதே கம்பியைக் கீறி அனுப்பியிருக்கிறார்.”

“பிறகென்ன, நல்லதுதானே.”

“என்ன நல்லது? முந்தினமாதிரியே ஒட்டிப் படம் எடுத்து அனுப்பினன். சிற்பம் எண்டா என்னெண்டு தெரியாதவன் ஒட்டினமாதிரிக் கிடக்காம். வெட்டட்டாம்.”