குடை மச்சான்

நான் ஒரு நாளும் குடை பிடித்துக்கொண்டு குளித்ததில்லை. வாக்குமூலத்தின் முதல் வரியாக இதைப் பதிவு செய்துகொள்ளும்படி விசாரணைக் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். மற்றதெல்லாம் நான் செய்ததுதான்.

பஸ் டிரைவர் எட்டு மாதத்துக்கு முன் எழுதிய புகார்க் கடிதத்தின் பேரில் நீங்கள் மூவரும் எங்கள் ஒலிபரப்பு நிலையத்துக்கு வந்தீர்கள். இரண்டு நாள் அளவெடுத்தும் குறை ஒன்றும் அகப்படவில்லை. அதனால் இது எப்போதாவது தலைகாட்டி மறையும் கோளாறு, இந்தப் பவர் ஆம்ப்ளிஃபையரை நம்ப முடியாது, கழற்றிவிட்டு வெளிநாட்டு யந்திரம் வாங்கலாம் என்று எழுதப்போகிறீர்களாம். அதைக் கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த ஆம்ப்ளிஃபையர் உள்நாட்டில் செய்தது. வெளிநாட்டுச் சரக்குதான் வேண்டும் என்று எல்லோரும் ஒற்றைக்காலில் நின்றபோது நான் தனியாளாக வாதாடி வாங்கவைத்தது. ஸ்டூடியோவிலிருந்து பூனைக்குட்டி மாதிரி வரும் சிக்னலை ஐந்து கிலோவாட் யானையாக்கி ஆன்டெனாவுக்கு அனுப்புவது அதன் வேலை. ஒன்பது வருடத்தில் ஒரு நாள்கூட அது சோர்ந்ததில்லை. ஒரு பாவமும் அறியாத யந்திரத்தின் மேல் பழி விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது.

என் தங்கையின் கணவரைப் பற்றிச் சொல்லவேண்டும். காலை ஏழு மணியிலிருந்து ஏழரை வரை ஊரை எழுப்பிய குரல் அவருடையது. நிரந்தர வேலை இல்லை. வருடத்துக்கு ஒரு முறை ஒப்பந்தம் புதுப்பிப்பார்கள். நல்ல மனிதர். என் தங்கையை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. அவருக்கு இருந்த ஒரே பழக்கம், நிகழ்ச்சியில் தினமும் தன் மச்சானைப் பற்றி ஒரு வேடிக்கை சொல்வது. மச்சான் என்றால் நான். பெயர் சொல்லமாட்டார். சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அவருக்கு இருந்தது ஒரே மச்சான்.

"எங்க மச்சான் கையில அஞ்சு கிலோவாட் இருக்குங்க. ஆனா அவரு சம்சாரம் 'ஏங்க, அந்தத் துணிய மடிச்சா என்ன'ன்னு கேட்டா, பதிலே வெளிய வராது. கேட்டா, ஆன்டெனா கழண்டிருச்சும்பாரு."

இது மிதமான ரகம். எங்கள் வீட்டில் என் மனைவி ரேடியோவுக்கு முன்னால் சிரிக்கமாட்டாள். சமையலறைக்குள் போய்ச் சிரித்துவிட்டு வருவாள்.

குடை விஷயம் மூன்று வருடத்துக்கு முந்தையது. குன்றின் மேல் டிரான்ஸ்மிட்டர் இருக்கும் கட்டடத்தில் கூரை ஒழுக ஆரம்பித்தது. தண்ணீர் நேராக ஆம்ப்ளிஃபையரின் மேல் சொட்டியது. தார்ப்பாய் போட்டு மூடினால் சூடாகிவிடும். அதனால் நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், நாலரை மணி நேரம், யந்திரத்துக்கு. எனக்கென்று தனிக் குடை இல்லை. வீட்டுக்குப் போனபோது முழுக்க நனைந்திருந்தேன், கையில் குடையும் இருந்தது. மாப்பிள்ளை வாசலில் நின்று பார்த்தார். மறுநாள் ஏழு பத்துக்கு ஊருக்குச் சொன்னார்:

"எங்க மச்சான் குடை பிடிச்சுக்கிட்டுத்தாங்க குளிப்பாரு. ஏன் மச்சான்னா, 'ஈரம் பட்டா வாரண்டி போயிரும் மாப்பிள்ளை'ங்கிறாரு."

அன்று சாயங்காலம் முடி வெட்டிக்கொள்ளப் போனேன். முடி வெட்டுபவர் என் தலையில் தண்ணீர் தெளிப்பதற்கு முன் ஒரு கணம் நிறுத்தி, "தெளிக்கலாமா சார், வாரண்டி இருக்கா?" என்றார். காய்கறிக் கடைக்காரம்மா என்னைக் "குடை சார்" என்றார். ஒரு மாதத்தில் சார் உதிர்ந்துபோய் "குடை" மட்டும் நின்றது. மின்வாரியத்திலிருந்து வந்த ஒரு கவரில்கூட யாரோ பென்சிலால் சின்னதாக ஒரு குடை வரைந்திருந்தார்கள். நான் அதற்கெல்லாம் கோபப்படுகிறவன் அல்ல. என் மனதில் எழுந்தது ஒரு தொழில்நுட்பக் கேள்வி மட்டும். அவர் என்னைப் பற்றிப் பேசுவதை அறுபது கிலோமீட்டருக்குச் சுமந்துபோய்ப் போடுவது என் யந்திரம். என்னை நானே ஏன் சுமக்க வேண்டும்?

ஆம்ப்ளிஃபையரை விற்ற ஆள் அதில் ஒரு வசதியைக் காட்டியிருந்தார். நேரம் குறித்துவைத்தால் அந்த நேரத்துக்குப் பவரைத் தானாகக் குறைத்துக்கொள்ளும், பிறகு தானாக ஏற்றிக்கொள்ளும். "கேக்க ஆளில்லாத நேரத்துல கொறச்சுக்கலாம் சார்" என்றார். எது ஆளில்லாத நேரம் என்று முடிவு செய்வது யார் என்று அவர் சொல்லவில்லை. நான் ஏழு மணி என்றும் ஏழரை என்றும் குறித்தேன். அந்த அரை மணி நேரத்துக்கு ஐந்து கிலோவாட்டை இரண்டாக்கினேன். நான் செய்தது அவ்வளவுதான். மறுநாளிலிருந்து செய்தது யந்திரம். அதுவும் சொன்ன சொல் தவறாமல்.

பதிவேட்டில் ஐந்து என்றே எழுதினேன். ஏழரைக்கு மீட்டர் ஐந்து காட்டத்தான் போகிறது. அதை ஏழு மணிக்கே எழுதிவைத்தால் அது முன்யோசனை.

பஸ் டிரைவரின் கடிதத்தை நீங்கள் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். கெட்டிக்காரர். எங்கள் கருவிகளைவிட அவர் காது நேர்த்தியானது. "முதல்ல சுங்கச்சாவடி தாண்டினப்புறம்தான் அந்த மனுஷன் குரல் போகும். அப்புறம் செங்கல் சூளைகிட்டயே போயிருச்சு. இப்ப பாலத்த தாண்டல. ஏழரைக்கு செய்தி வந்தா மட்டும் எங்க இருந்தாலும் கணீர்னு கேக்குது. இந்த ஒரு ஆள் மட்டும் ஏன் தேஞ்சுக்கிட்டே வர்றாரு?" சுங்கச்சாவடி என்பது இரண்டு கிலோவாட். செங்கல் சூளை அரைக் கிலோவாட். பாலம் என்றால் ஐம்பது வாட், ஒரு வீட்டில் தொங்கும் பல்பு அளவு. ஒவ்வொரு புதுக் குடை வேடிக்கைக்கும் கொஞ்சம் இறக்கினேன். இரண்டு வருடம் ஆயிற்று. அவசரப்பட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது.

நிகழ்ச்சிக்குத் தொலைபேசியில் அழைப்பவர்கள் தங்கள் ஊரைச் சொல்வார்கள். தூரத்து ஊர்கள் ஒவ்வொன்றாக நின்றன. மாப்பிள்ளை முதலில் அதிகமாகச் சிரித்துப் பார்த்தார். பிறகு குரலை மாற்றிப் பார்த்தார். சுடுதண்ணீரில் உப்புப் போட்டுத் தொண்டை கொப்பளித்தார். என் தங்கை என்னிடம் வந்தாள்.

"அண்ணே, அவரு குரல் போயிருச்சுங்கிறாரு. எனக்கு நல்லாத்தான் கேக்குது. நீயாவது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயேன்."

நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். லீவு போட்டு, வரிசையில் உட்கார்ந்து, அவர் வாய் திறந்தபோது டாக்டருக்குப் பக்கத்தில் நின்றேன். தொண்டையில் ஒன்றுமில்லை என்றார் டாக்டர். எனக்கும் அது தெரியும் என்பதால் அவர் கெட்டிக்கார டாக்டர் என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். திரும்பி வரும்போது மாப்பிள்ளை என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"பாலத்துக்கு அந்தப் பக்கம் நான் செத்துட்டேன் மச்சான்."

"அப்படியெல்லாம் இல்ல மாப்பிள்ளை. கேக்கறவங்க கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க" என்றேன். அதற்கு முன் நாங்கள் அவ்வளவு நெருக்கமாக இருந்ததே இல்லை. பவர் இறங்க இறங்க உறவு பலப்பட்டது என்பதையும் குழு கருத்தில் கொள்ளவேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் தலைமை அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது. காலை நிகழ்ச்சிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் செயற்கைக்கோள் வழியாக நாற்பது நிலையங்களுக்கும் அனுப்பப்போகிறார்கள். மாப்பிள்ளையின் பெயரும் பட்டியலில் இருந்தது. கிடைத்தால் வேலை நிரந்தரம். என் தங்கைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான் வேறு விதமாக யோசித்தேன். செயற்கைக்கோள் வானத்தில் முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. குடை அங்கே ஏறிவிட்டால் இறக்குவதற்கு என்னிடம் எந்தப் பட்டனும் கிடையாது.

கேட்டுப் பார்க்க வந்த அதிகாரிகள் பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஊரில் அறை எடுத்து ஒரு வாரம் ரேடியோவும் கையுமாக உட்கார்ந்தார்கள். எங்கள் நிலைய மேலாளரிடம், "இரைச்சல் ரொம்ப நல்லா வந்துச்சு சார், அத வேணா அனுப்பலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மேலாளருக்கு மானம் போய்விட்டது. மாப்பிள்ளையின் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிந்தது. அந்த அரை மணிக்கு இனி பாட்டு.

கடைசி நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் மாப்பிள்ளை என்னிடம் வந்தார். "நாளைக்கு முழுக்க நீங்கதான் மச்சான். அரை மணி நேரமும். குடையும் வருது. தவறாம கேளுங்க."

குழு என் நிலையில் இருந்து பார்க்க வேண்டும். ஒரு நிமிட வேடிக்கைக்கே என் பேர் போயிற்று. இது முப்பது நிமிடம்.

எங்களிடம் டம்மி லோட் என்று ஒரு இரும்புப் பெட்டி உண்டு. யந்திரத்தைச் சோதிக்கும்போது ஆன்டெனாவுக்குப் பதிலாக இதில் இணைப்போம். எவ்வளவு பவர் வந்தாலும் விழுங்கிச் சூடாக்கிக்கொள்ளும். ஒரு வாட் வெளியே போகாது. காலைச் சாப்பாட்டு டப்பாவை நான் அதன் மேல்தான் வைப்பது வழக்கம். அன்று ஏழு மணிக்கு ஆம்ப்ளிஃபையரை அதற்கு மாற்றினேன். பவரைக் குறைக்கவில்லை. இரண்டு வருடத்துக்குப் பிறகு மாப்பிள்ளை அன்று முழு ஐந்து கிலோவாட்டில் பேசினார். கடைசி நாள் என்பதால் அந்த மரியாதையைச் செய்தேன்.

ஸ்டூடியோவில் இருப்பவர்களுக்கு லைனில் வருவதுதான் காதில் விழும். காற்றில் என்ன போகிறது என்று அவர்கள் பார்ப்பதில்லை. வெளியே போகாத அந்தக் குரலைக் குன்றின் மேல், ஸ்பீக்கருக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டவன் நான் ஒருவன்.

"இத்தனை வருஷமா நான் சொன்ன மச்சான் கதையெல்லாம் பொய்ங்க" என்று ஆரம்பித்தார். "சிரிக்க வைக்கத் தெரியாதவன் வீட்டு ஆள வச்சுத்தான் சிரிக்க வைப்பான். குடை மட்டும் உண்மை. ஆனா அவரு குளிக்கல. கூரை ஒழுகுச்சு, மெஷினுக்குப் பிடிச்சாரு. நாலரை மணி நேரம், தான் நனைஞ்சுக்கிட்டு. அன்னைக்கு நான் பேசினது உங்க காதுல விழுந்ததே அதனாலதான். இனிமே அவரப் பாத்தா குடைன்னு கூப்பிடாதீங்க. கூப்பிட்டா எழுந்து நின்னு கூப்பிடுங்க."

அப்போது மணி ஏழு இருபத்தொன்று. ஆன்டெனாவுக்குத் திரும்ப மாற்ற இரண்டு நிமிடம் போதும். பவரை இறக்கி, சுவிட்சைத் திருப்பி, மறுபடி ஏற்றவேண்டும். என் கை சுவிட்சு வரைக்கும் போனது. ஆனால் பாதியில் கேட்டால் ஊருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. தவிர, இப்படிப் பேசுகிற மனிதரை ஊர் கேட்டால் அடுத்த நாளே திரும்பக் கூப்பிட்டு உட்காரவைத்துவிடும். கையை எடுத்துவிட்டேன். சாப்பாடு நல்ல சூடாக இருந்தது.

சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தார். ஊரில் அந்த அரை மணி நேரம் ரேடியோவே எடுக்கவில்லை என்று தங்கை அதற்குள் சொல்லியிருந்தாள். கரண்ட் கோளாறு என்று நான் பதிவேட்டிலும் எழுதியிருந்தேன், எல்லோரிடமும் சொல்லியிருந்தேன்.

"நீங்களாவது கேட்டீங்களா மச்சான்?"

"இல்லையே மாப்பிள்ளை. நான் ஜெனரேட்டர்ல மாட்டிக்கிட்டேன். என்ன சொன்னீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து யாரிடமும் ஒன்றும் சொல்வதில்லை. ஏழு மாதம் ஆகிறது. ஏதாவது வேண்டும் என்றால் என் தங்கையிடம் சீட்டில் எழுதிக் காட்டுகிறார். டாக்டர் இப்போதும் தொண்டையில் ஒன்றுமில்லை என்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அவருக்கும் சேர்த்து நானே பேசுகிறேன்.

ஆகவே ஆம்ப்ளிஃபையரில் ஒரு குறையும் இல்லை. அதைக் கழற்ற வேண்டாம். கூரையை மட்டும் யாராவது சரிசெய்தால் நல்லது. எனக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். நேற்றுகூட காய்கறிக் கடையில் என்னைக் குடை என்றுதான் கூப்பிட்டார்கள். அது பொய் என்று சொல்ல இந்த ஊரில் வாய் இருந்தது ஒரே ஒருவருக்கு. அவரானால் எனக்காக ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்கிறார்.