சாம்பிராணிப் புகைக்குக் கட்டிய கவர்கள்

எனது பெயர் கிருஷ்ணப்பன், வயது 43, த/பெ தேசப்பன், வியாசர்பாடி. திருவொற்றியூரில் உள்ள இரும்பு உருக்கும் ஆலையில் பதினோரு வருடமாகக் கண்ட்ரோல் ரூம் ஆபரேட்டராக இருக்கிறேன். ஆய்வாளர் கேட்டதன் பேரில் இதைச் சொல்கிறேன்.

உலைக்கூடத்தில் வாசனையில்லாத விஷ வாயு கசிந்தால் மணியடித்து உலையை நிறுத்த முன்பு ஒரே கருவிதான் இருந்தது. அது சும்மா சும்மா அடித்து எங்களைப் பேஜாராக்கியதால், இந்த 2003-ஆம் வருடம் மூன்று கருவிகள் வைத்து, கோளாறைத் தானே சரி செய்துகொள்ளும் கம்ப்யூட்டரோடு இணைத்தார்கள். இரண்டு கருவிகள் ஒன்றைச் சொல்லி ஒன்று மட்டும் மாற்றிச் சொன்னால், அந்த ஒன்று பழுது என்று கம்ப்யூட்டரே அதைத் துண்டித்துவிடும்.

ஆயுத பூஜையன்று சாம்பிராணிப் புகைக்கு மணியடித்து உலை நின்றுவிடக் கூடாது என்று, வாசல் பக்கம் இருந்த இரண்டு கருவிகளுக்கும் நான் ஸ்டூல் போட்டு ஏறி பாலிதீன் கவர் மாட்டி ரப்பர் பேண்டு போட்டேன். மூன்றாவது உலைக்குக் கீழே உள்ள குழிக்குள் இருந்ததால் விட்டுவிட்டேன். அதன் பிறகு பொரி கொடுக்கப் போனவன், கவரை அவிழ்க்க மறந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் மதியம் இரண்டரைக்குக் குழிக்குள் இருந்த கருவி மணியடித்தது. ஒரு நிமிடத்தில் தானே அடங்கியது. மூன்றாவது பழுது, துண்டிக்கப்பட்டது, மற்றவை சீர் என்று திரையில் வந்தது. கருவிகளைப் பழுது பார்க்கும் பிட்டர் யேசுதாஸ் இன்டர்காமில், "இன்னா மாமு, மணி அட்ச்சிது?" என்று கேட்டார். "ஒண்ணியும் இல்ல நைனா, மூணாவது அவுட்டு. கம்ப்யூட்டரே கட் பண்ணிட்சி. நீ எறங்கி மாத்திட்டு வா" என்றேன்.

அதன் பிறகு கால் மணி நேரம் பதில் இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தபோது யேசுதாஸ் குழிக்குள் குப்புறக் கிடந்தார். நிமிர்ந்தால் இரண்டு கருவியிலும் நான் போட்ட கவர். ஐயோ, அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கத்தி ஆட்களைக் கூப்பிட்டேன். முகமூடி போட்டவர்கள் வந்து தூக்கியபோது உயிர் இல்லை.

கம்ப்யூட்டர் கோளாறு என்று எழுதிக் கொடுக்கும்படி மேனேஜர் சொன்னார். ஆஸ்பத்திரியில் யேசுதாஸ் மனைவி ஞானபாக்கியம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏண்ணே, அவ்ளோ பெரிய மிஷினு, ஒரு வார்த்த சொல்லலியா?" என்று அழுதார். மூன்றாவது கருவி சொன்னது. அதைப் பொய்யாக்கியது நான் கட்டிய கவர். அது பழுது என்று நம்பி அவரைக் குழிக்குள் இறக்கியதும் நான்தான்.

இதை வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, யாரும் மிரட்டவில்லை.

(ஒப்பம்) தே. கிருஷ்ணப்பன்