பந்து எழும்பாத மூலை

விழாத் தலைமையேற்று வீற்றிருக்கும் ஊர்த் தலைவர் ஹெனாரோ அவர்களே, ஊதி ஊதி மூச்சு வாங்கும் வாத்தியக் குழுவினரே, முட்டி தேய்ந்த மூத்த வீரர்களே, அன்று அடுப்பில் வெந்து எங்களுக்குச் சோள ரொட்டி சுட்டுப் போட்ட தாய்மார்களே, வணக்கம்!

நம் கூடைப்பந்துத் திடலுக்கு முப்பது வயது. அடித்தளம் போட்ட கதையைச் சொல் என்று கிறிசோஃபோரோவாகிய என்னை மேடையேற்றிவிட்டீர்கள். கான்கிரீட்டைக் காணாத கண் உண்டா? அதன் கீழே கிடக்கும் சரளையைக் கண்டவர் உண்டா? ஆற்றிலிருந்து சுமந்தவர் யார்? நாம்! கூலியில்லாத ஊர்வேலை; திடலைக் கயிறு கட்டிப் பிரித்து வீட்டுக்கு ஒரு பங்கு. மேல்மண்ணை வழித்தோம். நான்கு விரல் கனத்துக்குச் சரளை பரப்பினோம், நீர் தெளித்தோம், திமிசுக் கட்டையால் இடித்தோம். மறுபடி பரப்பினோம், மறுபடி தெளித்தோம், மறுபடி இடித்தோம்! மலைக்குளிரிலும் வியர்த்த அந்த நாள் இனி வருமா?

யாரப்பா அங்கே, மெஸ்கால் சாராயம் இருந்ததா என்று கேட்பது? அதுவும் இருந்தது, ஐயா!

அப்போது திருவிழாவுக்கு இன்னும் மூன்று வாரம். கான்கிரீட் கொட்ட வேண்டிய காலையில் நம் அணித் தலைவி எவுஃப்ரோசினா பந்தோடு வந்து நின்றாள்.

"இருங்க மாமா, தட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்."

இறுகிய சரளை பந்தை இடுப்புவரை எழுப்பியது. வடக்குக் கூடையின் கீழ் மட்டும் பொத்தென்று படுத்துவிட்டது!

"தோண்டுங்க!" என்றாள்.

"வெளையாடுறியா? சிமெண்டு மூட்டையப் பிரிச்சாச்சு!" என்று குதித்தேன்.

"வெளையாடத்தான் மாமா கேக்குறேன்."

தோண்டினோம். சரளைக்கு அடியில் மேல்மண் வழிக்கப்படாமல், சோளத்தட்டையோடு மெத்தென்று அப்படியே கிடந்தது. பங்கு காட்டும் கயிறுகளை முன்தினமே அவிழ்த்திருந்தோம். "அபுந்தியோ பங்குடா இது!" என்று யாரோ கத்த, "என்னுது இல்ல!" என்று அவன் கதறினான். பங்கு அளந்தவன் நான். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அவன் பங்குதான் என்று தலையாட்டினேன். தண்டனையாக மூன்று நாள் தனியாளாய்ச் சரளை சுமந்து அவன்தான் நிரப்பினான். சோம்பேறி என்ற பெயரும் அவனுக்கே நின்றது.

பெரியோர்களே! அது என் பங்கு. அண்ணன் வீட்டு விருந்துக்கு ஓடுகிற அவசரத்தில் மண்ணை வழிக்காமல் மூடியவன் நான். வெட்கமாக இருக்கிறது. அபுந்தியோ, ஊர் முன்னால் மன்னிப்புக் கேட்கிறேன்!

அதோ, அபுந்தியோ எழுந்துவிட்டான். சத்தமாகச் சொல்லப்பா, எல்லாருக்கும் கேட்கட்டும்!

"எம் பங்கு எது, ஒம் பங்கு எதுன்னு எனக்குத் தெரியாதாடா? நீயா வாயத் தொறப்பியான்னு பாக்கத்தான் வருசா வருசம் இந்த விழாவுல மொத வரிசையில வந்து உக்காந்தேன்."

கேட்டீர்களா? முப்பது வருடம்! பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. பொறுத்துக் காத்திருந்த அவனுக்கு என் வணக்கம்.